மூன்று குழு முதியோர், ஒரே ஒரு எஃப் மதிப்பு: மனச்சோர்வு ஆய்வில் அனோவா எதுவரை கைகொடுக்கும்?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். சமூகப்பணி முதுகலை ஆய்வேட்டுக்காக 60 வயது கடந்த 90 பேரைச் சந்தித்திருக்கிறீர்கள். பிள்ளைகளோடு வசிப்பவர்கள் 30 பேர், தனியாக வசிப்பவர்கள் 30 பேர், முதியோர் இல்லத்தில் இருப்பவர்கள் 30 பேர். இல்லத்துக்காரர்கள் 30 பேரும் இரண்டே இல்லங்களைச் சேர்ந்தவர்கள். எல்லோரிடமும் மனச்சோர்வை அளக்கும் ஜிடிஎஸ்-15 கேள்வித்தாளைக் கேட்டு (15 கேள்விகள், மதிப்பெண் கூடினால் மனச்சோர்வு அதிகம்), எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளில் ஒருவழி அனோவா, அதாவது பல குழுக்களின் சராசரிகளை ஒரே முறையில் ஒப்பிடும் சோதனை, போட்டிருக்கிறீர்கள். பி மதிப்பு, அதாவது குழுக்களுக்கு இடையே உண்மையில் வித்தியாசமே இல்லாவிட்டாலும் இவ்வளவு இடைவெளி தற்செயலாக வரும் வாய்ப்பு, 0.05-க்குக் கீழே வந்திருக்கிறது. "முதியோர் இல்ல வாழ்க்கை மனச்சோர்வை உண்டாக்குகிறது" என்று முடிவுரையில் எழுதலாமா, இதற்கு அனோவா போதுமா என்று கேட்கிறீர்கள்.

அனோவாவைத் தேர்ந்தது சரிதான். அந்த வாக்கியத்தை மட்டும் எழுதாதீர்கள். காரணம் கணக்கில் இல்லை, கணக்குக்கு முன்னால் நடந்ததில் இருக்கிறது. இருந்தாலும் கணக்கிலிருந்தே தொடங்குவோம். அனோவா தரும் எஃப் மதிப்பு எப்படி வருகிறது என்று தெரிந்தால்தான் அதனிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்பது பிடிபடும்.

உங்கள் எண்களை நீங்கள் தரவில்லை. ஆகவே நானே சில எண்களை வைத்துக்கொள்கிறேன். இவை விளக்கத்துக்காகப் போட்டவை, எந்த ஆய்விலும் வந்தவை அல்ல. குழுவுக்கு 30 பேர். குடும்பத்தோடு இருப்பவர்களின் சராசரி மதிப்பெண் 4.1, திட்ட விலக்கம் 2.8. தனியாக இருப்பவர்களுக்கு 6.3, 3.4. இல்லத்தில் இருப்பவர்களுக்கு 7.2, 3.5.

மூன்று சராசரிகளும் வேறு வேறாகத்தான் தெரிகின்றன. ஆனால் மனிதர்கள் எப்படியும் ஆளுக்கு ஆள் வேறுபடுவார்கள். ஒரே குழுவுக்குள்ளேயே ஒருவர் 1 வாங்கியிருப்பார், பக்கத்து வீட்டுக்காரர் 11 வாங்கியிருப்பார். எந்த 30 பேரைப் பிடித்தாலும் சராசரி கொஞ்சம் அப்படி இப்படி ஆடும். அந்த இயல்பான ஆட்டத்தையும் மீறிய இடைவெளியா இது என்பதுதான் அனோவா கேட்கும் ஒரே கேள்வி. அதற்காக இரண்டு சிதறல்களை அளந்து ஒன்றை மற்றொன்றால் வகுக்கிறது.

முதலாவது, குழுக்களுக்கு இடையிலான சிதறல். மொத்தச் சராசரி 5.87. அதிலிருந்து ஒவ்வொரு குழுச் சராசரியும் எவ்வளவு விலகுகிறது என்று பார்த்து, வர்க்கப்படுத்தி, 30 ஆல் பெருக்கிக் கூட்டினால் ஏறத்தாழ 152.6 வரும். மூன்று குழுக்கள் என்பதால் டி.எஃப்., அதாவது டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம், 3 − 1 = 2. வகுத்தால் 76.3. இரண்டாவது, குழுக்களுக்கு உள்ளே இருக்கும் சிதறல். மூன்று திட்ட விலக்கங்களையும் வர்க்கப்படுத்திச் சராசரி எடுத்தால் 10.55. முதலாவதை இரண்டாவதால் வகுக்க, எஃப் 7.23. டி.எஃப். 2, 87 (90 − 3). இதற்குரிய பி மதிப்பு 0.001 அளவில் நிற்கும்.

இதே சராசரிகளை அப்படியே வைத்துக்கொண்டு, குழுக்களுக்குள் இருக்கும் சிதறலை மட்டும் மூன்று மடங்காக்கிப் பாருங்கள். எஃப் 2.4-க்கு இறங்கிவிடும், பி மதிப்பு 0.05-ஐத் தாண்டிவிடும். சராசரிகளின் இடைவெளியை மட்டும் பார்த்து "வித்தியாசம் பெரிது" என்று சொல்ல முடியாததற்கு இதுதான் காரணம். ஆய்வேட்டில் சராசரியை மட்டும் அட்டவணை போட்டுவிட்டுத் திட்ட விலக்கத்தை விட்டுவிடுபவர்கள் நிறையப் பேர். அந்த அட்டவணையை வைத்துக்கொண்டு படிப்பவரால் எதையும் சரிபார்க்க முடியாது.

இரண்டிரண்டு குழுக்களாக ஒப்பிட்டு மூன்று டி சோதனை போட்டால் ஆகாதா என்று சில கைடுகளே கேட்பார்கள். ஆகும், ஆனால் விலை உண்டு. ஒவ்வொரு சோதனையிலும் 5% தவறுக்கு இடம் கொடுக்கிறோம். மூன்று சோதனைகள் ஒன்றையொன்று சாராதவை என்று வைத்துக்கொண்டால், இல்லாத வித்தியாசம் எங்காவது ஓரிடத்தில் இருப்பதாகத் தெரியும் வாய்ப்பு 14% ஆகிறது. நான்கு குழுக்கள் என்றால் ஆறு சோதனைகள், 26%. அனோவா மொத்தத்துக்கும் சேர்த்து ஒரே 5%-இல் முடித்துக்கொள்கிறது.

ஆனால் அது சொல்லும் பதிலும் மொத்தமானதுதான். "மூன்று சராசரிகளும் சமம் என்ற இன்மைக் கருதுகோள் நிற்கவில்லை" என்பதோடு அதன் வேலை முடிந்தது. எந்தக் குழு எந்தக் குழுவிலிருந்து வேறுபடுகிறது என்று அது சொல்வதில்லை. அதற்குப் பிந்தைய ஒப்பீடு வேண்டும், பெரும்பாலும் டூக்கி முறை. மேலே உள்ள எண்களுக்கு டூக்கி போட்டால், இரண்டு சராசரிகளுக்கு நடுவே ஏறத்தாழ 2.0 புள்ளி இடைவெளி இருந்தால்தான் அதைப் பொருட்படுத்தலாம் என்று வரும். குடும்பத்துக்கும் இல்லத்துக்கும் 3.1. குடும்பத்துக்கும் தனியாக இருப்பவர்களுக்கும் 2.2. இரண்டும் தேறுகின்றன. தனியாக இருப்பவர்களுக்கும் இல்லத்தில் இருப்பவர்களுக்கும் வெறும் 0.9, அது தேறவில்லை.

இங்கேயே உங்கள் வாக்கியம் ஆட்டம் காண்கிறது, கவனித்தீர்களா? இல்லம்தான் மனச்சோர்வைத் தருகிறது என்றால், இல்லத்துக்கே போகாமல் சொந்த வீட்டில் தனியாக இருப்பவர்களும் ஏறத்தாழ அதே உயரத்தில் ஏன் நிற்கிறார்கள்? உங்கள் தரவிலும் பிந்தைய ஒப்பீடு இப்படி வந்திருக்கிறதா என்று பாருங்கள். வந்திருந்தால், கட்டடத்தை விட்டுவிட்டு, பிள்ளைகள் உடன் இல்லாமை, துணையை இழந்தது, கையில் காசு இல்லாதது போன்றவற்றை யோசிக்கத் தொடங்க வேண்டும்.

இன்னும் அடியில் ஒரு சிக்கல் இருக்கிறது. அனோவா பிறந்தது வயல்வெளியில். ரொனால்ட் ஃபிஷர் 1919-இல் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டட் வேளாண் ஆய்வு நிலையத்தில் சேர்ந்தார். உருளைக்கிழங்கு ரகங்களுக்கு உரமிட்டுப் பார்த்த சோதனையை மெக்கன்ஸி என்பவரோடு சேர்ந்து 1923-இல் வெளியிட்டபோது இந்த முறையைப் பயன்படுத்தினார். அடுத்து வந்த சில ஆண்டுகளில் எந்தப் பாத்திக்கு எந்த உரம் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யச் சொன்னவரும் அவர்தான். நல்ல மண் உள்ள பாத்திகள் எல்லாம் ஒரே உரத்துக்குப் போய்விடாமல் குலுக்கல் பார்த்துக்கொண்டது. ஆகவே விளைச்சலில் வித்தியாசம் தெரிந்தால் உரத்தைக் காரணம் காட்ட முடிந்தது. அந்த உரிமை குலுக்கலிலிருந்து வந்தது, எஃப் மதிப்பிலிருந்து வரவில்லை.

உங்கள் 90 பேரை யாரும் குலுக்கிப் போடவில்லை. வாழ்க்கை அவர்களைப் பிரித்துப் போட்டிருக்கிறது. கணவர் இறந்த பிறகு இல்லத்துக்கு வந்தவர், மருமகளோடு ஒத்துப்போகாமல் வந்தவர், பிள்ளை வெளிநாட்டில் இருப்பதால் வந்தவர், பிள்ளையே இல்லாதவர், மூட்டுவலியால் சமைக்க முடியாமல் போனவர். இவர்களில் பலருக்கு மனச்சோர்வு முன்னால், இல்லம் பின்னால். மனச்சோர்வால் வீட்டில் பேச்சுவார்த்தை அற்றுப்போய், அதனாலேயே இல்லத்தில் சேர்க்கப்பட்டவரும் இருப்பார். எதிர்ப்பக்கமும் உண்டு. பல இல்லங்கள் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளக்கூடியவர்களை மட்டுமே சேர்க்கின்றன. அப்படியானால் படுக்கையில் கிடப்பவர்கள் எல்லாம் உங்கள் "குடும்பம்" குழுவில்தான் இருப்பார்கள். கட்டண இல்லத்துக்கும் இலவச இல்லத்துக்கும் வருபவர்கள் இரண்டு வேறு உலகங்களைச் சேர்ந்தவர்கள் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இது எண்களில் எப்படி விளையாடும் என்று காட்டுகிறேன். நாள்பட்ட நோய் இல்லாதவர்களின் சராசரி மதிப்பெண் எங்கே வசித்தாலும் 3, நோய் உள்ளவர்களுக்கு எங்கே வசித்தாலும் 9 என்று வைத்துக்கொள்வோம். அதாவது வசிக்கும் இடத்துக்கும் மனச்சோர்வுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. குடும்பத்தில் உள்ள 30 பேரில் 6 பேர் நோயாளிகள், இல்லத்தில் உள்ள 30 பேரில் 24 பேர் நோயாளிகள். இப்போது குடும்பத்தின் சராசரி 4.2, இல்லத்தின் சராசரி 7.8. 3.6 புள்ளி வித்தியாசம்! ஒருவழி அனோவா இதைப் பார்த்ததும் பி மதிப்பு மிகச் சிறியது என்று மூன்று நட்சத்திரம் போட்டுத் தரும். கணக்கில் ஒரு பிழையும் இருக்காது. முடிவு மட்டும் முழுக்கத் தவறாக இருக்கும்.

ஆகவே உங்களுக்கு என் முதல் யோசனை: நோயை இரண்டாவது காரணியாகச் சேர்த்து இருவழி அனோவா போடுங்கள். நீரிழிவு, ரத்த அழுத்தம், மூட்டுவாதம், இதய நோய் பற்றிய தகவலை எப்படியும் முதல் பக்கத்தில் வாங்கியிருப்பீர்கள். எஸ்பிஎஸ்எஸ்ஸில் ஜெனரல் லீனியர் மாடல், அதற்குள் யூனிவேரியட். வசிப்பிடம் ஒரு காரணி, நோய் உண்டு-இல்லை மற்றொரு காரணி. மேலே சொன்ன எண்களாக இருந்தால் வசிப்பிடத்தின் விளைவு அங்கே காணாமல் போய்விடும்.

இருவழி அனோவாவில் இன்னொரு ஆதாயமும் உண்டு, எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. இரண்டு காரணிகளும் ஒன்றையொன்று எப்படி மாற்றுகின்றன என்று பார்க்கலாம். நோய் இல்லாதவர்களில் குடும்பம் 3, தனி 4, இல்லம் 5 என்றும், நோய் உள்ளவர்களில் குடும்பம் 5, தனி 10, இல்லம் 7 என்றும் சராசரிகள் வந்தால் என்ன அர்த்தம்? நோய் வந்தால் குடும்பத்திலும் இல்லத்திலும் 2 புள்ளி ஏறுகிறது. தனியாக இருப்பவருக்கு 6 புள்ளி ஏறுகிறது. மாத்திரை எடுத்துக்கொடுக்க ஆள் இல்லாத இடத்தில்தான் நோய் மனதை அதிகம் தாக்குகிறது என்ற கதை அங்கே தெரிகிறது. இதை இடைவினை என்பார்கள். இடைவினை தெளிவாக இருக்கும்போது "வசிப்பிடத்தின் விளைவு இவ்வளவு, நோயின் விளைவு இவ்வளவு" என்று தனித்தனியாகப் பேசுவதில் அர்த்தம் இல்லை. கோட்டு வரைபடம் ஒன்றைப் போட்டு, கோடுகள் இணையாகப் போகவில்லை என்பதைக் காட்டிவிட்டு, ஒவ்வொரு வசிப்பிடத்திலும் நோயின் விளைவைத் தனித்தனியாகச் சொல்லுங்கள். சமூகப்பணித் துறைக்கு ஒற்றை எஃப் மதிப்பைவிட இந்தப் படம் பத்து மடங்கு பயன்படும். யாருடைய வீட்டுக்கு முதலில் போக வேண்டும் என்று அது சொல்கிறது.

ஒரு எச்சரிக்கை: வசிப்பிடமும் நோயும் சேர்ந்து உண்டாக்கும் அட்டவணைக் கட்டங்களில் ஆள் எண்ணிக்கை சமமாக இருக்காது. ஓரிடத்தில் 24, ஓரிடத்தில் 6 என்று வரும். அப்போது சிதறலை (வர்க்கக் கூடுதலை) காரணிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் முறைகள் வெவ்வேறு விடை தரும். எஸ்பிஎஸ்எஸ் இயல்பாக மூன்றாம் வகையை எடுத்துக்கொள்கிறது. ஆர் மென்பொருளின் வழக்கமான அனோவா கட்டளையோ முதல் வகையை எடுத்துக்கொள்ளும், அதில் எந்தக் காரணியை முதலில் எழுதினீர்கள் என்பதைப் பொறுத்தே விடை மாறும். நண்பர் ஆரில் போட்டுப் பார்த்து "எனக்கு வேற வருதே" என்றால் பதற வேண்டாம், பெரும்பாலும் இதுதான் காரணம். நோய் மட்டுமல்ல, வயது, பாலினம், துணை இழப்பு, வருமானம் என்று காரணிகள் கூடும்போது அனோவாவை விட்டுவிட்டுப் பன்முகத் தொடர்புப் போக்குக்கு, அதாவது மல்டிபிள் ரிக்ரஷனுக்கு, மாறிவிடுவது நல்லது. இரண்டும் அடியில் ஒரே கணக்குதான். குழுக்களை 0, 1 என்று மாறிகளாக்கி ரிக்ரஷன் போட்டால் அதே எஃப் மதிப்பு வரும்.

ஆனால் இத்தனையும் சேர்த்த பிறகும் நீங்கள் கேட்காமல் விட்ட காரணம் ஏதாவது வெளியே நிற்கும். "உண்டாக்குகிறது" என்று எழுத வேண்டுமானால் குறைந்தபட்சம் இல்லத்தில் சேரும் அன்று ஒரு முறை, ஆறு மாதம் கழித்து ஒரு முறை என்று அதே ஆட்களை அளந்திருக்க வேண்டும். முதுகலை மாணவருக்கு அந்த அவகாசம் கிடைக்காது, தெரியும். அதனால்தான் சொல்கிறேன், வாக்கியத்தைத் தாழ்த்திக்கொள்ளுங்கள்.

இரண்டு இல்லங்கள் என்ற விஷயத்துக்கு வருகிறேன். இதை வைவாவில் யாரும் கேட்காமல் போகலாம். ஆனால் உங்கள் ஆய்வின் மிகப் பலவீனமான இடம் இதுதான். அனோவா ஒவ்வொருவரையும் மற்றவரைச் சாராத தனி ஆளாக நினைத்துக்கொள்கிறது. ஒரே இல்லத்தில் இருக்கும் 15 பேர் அப்படி இல்லை. ஒரே சாப்பாடு, ஒரே வார்டன், ஒரே டிவி. போன வாரம் அறைத்தோழர் ஒருவர் இறந்திருந்தால் 15 பேருடைய மதிப்பெண்ணும் சேர்ந்தே ஏறும். இந்த ஒட்டுதலை 0.1 என்று மிதமாக வைத்துக்கொண்டாலும், 1 + (15 − 1) × 0.1 = 2.4. உங்கள் 30 பேரை 2.4 ஆல் வகுத்தால் 12.5. அதாவது இல்லத்திலிருந்து நீங்கள் திரட்டிய தகவல் பன்னிரண்டு, பதின்மூன்று தனி ஆட்களின் தகவலுக்குச் சமம். ஆனால் எஸ்பிஎஸ்எஸ் அதை 30 என்றே எண்ணிக்கொண்டு பி மதிப்பைச் சின்னதாக்கிக் காட்டுகிறது. பல இல்லங்கள் இருந்தால் பல்மட்ட மாதிரி, அதாவது யார் எந்த இல்லத்தவர் என்பதையும் கணக்கில் எடுக்கும் முறை, போட்டுச் சரிசெய்யலாம். இரண்டே இரண்டு இல்லம் இருக்கும்போது அதுவும் கைகொடுக்காது. இல்லத்துக்கு இல்லம் சராசரி என்ன என்று தனித்தனியாகப் பிரித்துக் காட்டிவிட்டு, இதை ஆய்வின் வரம்பாக எழுதிவிடுவதே ஒழுங்கான வழி. ஒரு இல்லத்தின் சராசரி 5, மற்றதன் சராசரி 9 என்று வந்தால், "முதியோர் இல்லம்" என்று ஒன்றாகக் கட்டிப் பேசுவதே கூடாது.

அடுத்தது கேள்வித்தாள். ஜிடிஎஸ் எனப்படும் முதியோர் மனச்சோர்வு அளவுகோலை யெசவேஜும் அவரோடு இருந்தவர்களும் 1980-களின் தொடக்கத்தில் 30 கேள்விகளோடு உருவாக்கினார்கள். 15 கேள்வி கொண்ட சுருக்க வடிவம் 1986-இல் வந்தது. ஆம், இல்லை என்று மட்டும் பதில். தூக்கம், பசி பற்றிய கேள்விகளை வேண்டுமென்றே அதில் சேர்க்கவில்லை, ஏனென்றால் வயதானவருக்குத் தூக்கம் கெடுவதும் பசி மங்குவதும் உடல்நோயாலும் இருக்கலாம். பிஎச்க்யூ-9, சிஇஎஸ்-டி போன்ற மற்ற மனச்சோர்வுக் கேள்வித்தாள்களில் அந்தக் கேள்விகள் உண்டு. நோயாளிகள் அதிகமுள்ள குழுவை ஒப்பிடும்போது அவை மதிப்பெண்ணை ஏற்றிக் காட்டக்கூடும். ஆகவே நீங்கள் ஜிடிஎஸ்ஸை எடுத்தது நல்ல தேர்வு. சுருக்க வடிவத்தின் தமிழ்ப் பதிப்பைச் சரிபார்த்த ஆய்வும் வெளியாகியிருக்கிறது. நீங்கள் பயன்படுத்தியது அந்தப் பதிப்பா, நீங்களே மொழிபெயர்த்ததா என்பதை ஆய்வேட்டில் கட்டாயம் சொல்லுங்கள்.

அப்படியும் குழுவுக்குக் குழு ஒரே அர்த்தம் தராத கேள்விகள் சில இருக்கின்றன. வெளியே போவதைவிட உள்ளேயே இருக்கத்தான் பிடிக்கிறதா என்று ஒன்பதாவது கேள்வி வரும். அனுமதி வாங்கித்தான் வாசல் தாண்ட முடியும் என்ற விதி உள்ள இல்லத்தில் அதற்கு என்ன பதில் வரும்? முன்பு செய்துவந்த பல காரியங்களை விட்டுவிட்டீர்களா என்ற கேள்விக்கும் அதே கதிதான், அடுப்படியும் தோட்டமும் அங்கே அவர் கையில் இல்லை. உற்சாகமாகத் தெம்பாக இருக்கிறீர்களா என்பதற்கு இதய நோயாளி "இல்லை" என்பார், மனம் நன்றாக இருந்தாலும். மொத்த மதிப்பெண்ணோடு நிறுத்தாமல், 15 கேள்விகளில் எதெதில் குழுக்கள் பிரிகின்றன என்று ஓர் அட்டவணை போடுங்கள். "வாழ்க்கை வெறுமையாக இருக்கிறது", "நம்பிக்கை இல்லை" போன்றவற்றில் பிரிந்தால் அது மனச்சோர்வு. மேலே சொன்ன மூன்றில் மட்டும் பிரிந்தால் அது இல்லத்தின் விதிமுறையையோ உடலின் நிலையையோ காட்டுகிறது.

தரவைப் பதியும்போது ஒரு பொறி இருக்கிறது. 15 கேள்விகளில் 10 கேள்விகளுக்கு "ஆம்" என்றால் ஒரு புள்ளி. 1, 5, 7, 11, 13 ஆகிய ஐந்துக்கு "இல்லை" என்றால்தான் ஒரு புள்ளி. இந்த ஐந்தையும் திருப்பிப் பதியாமல் எல்லாவற்றையும் கூட்டிவிட்டால், நல்ல மகிழ்ச்சியாக இருப்பவருக்கு 5 வந்து மனச்சோர்வு இருப்பவராகிவிடுவார். உங்கள் கோப்பில் 0, 1 என்று ஒருவருமே இல்லாமல் எல்லோரும் 5-ஐச் சுற்றியே இருந்தால் முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

யார் பக்கத்தில் நிற்க, கேள்வி கேட்கப்பட்டது என்பதும் எண்ணை மாற்றும். வீட்டில் மருமகள் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு அங்கேயே நின்றால் "எனக்கென்ன குறை" என்ற பதில்தான் வரும். இல்லத்தில் நிர்வாகி தாழ்வாரத்தில் உலாவினாலும் அதேதான். இல்லத்தில் தனியறை கிடைத்து, வீட்டில் கிடைக்காமல் போயிருந்தால், நீங்கள் அளந்த வித்தியாசத்தில் ஒரு பங்கு மனம் விட்டுப் பேசக் கிடைத்த வாய்ப்பின் வித்தியாசம். மறதி நோய் நடுத்தரத்துக்கு மேல் முற்றியவர்களிடம் இந்தக் கேள்வித்தாள் நம்பத் தகுந்ததல்ல என்பதால், அவர்களை எப்படி விலக்கினீர்கள் என்பதும் எழுதப்பட வேண்டும்.

அளவுகோல் மாறினால் எண் எவ்வளவு மாறும் என்பதற்கு நம் நாட்டிலேயே பெரிய உதாரணம் உண்டு. 45 வயதுக்கு மேற்பட்ட 72,000-க்கும் அதிகமானோரிடம் 2017–18-இல் நடந்த லாசி எனப்படும் இந்திய முதுமை ஆய்வின் முதல் சுற்றில், 60 வயது கடந்தவர்களில் மருத்துவர் மனச்சோர்வு என்று கண்டு சொன்னதாகத் தாங்களே தெரிவித்தவர்கள் 0.8%. அதே ஆய்வில் அறிகுறிகளைக் கேட்டு மதிப்பிட்டபோது தீவிர மனச்சோர்வு இருக்கக்கூடியவர்கள் 8.3%. பத்து மடங்கு. ஆகவே வேறொருவர் வேறு அளவுகோலில் எடுத்த சதவீதத்தை உங்கள் சதவீதத்துக்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிடாதீர்கள்.

அனோவாவின் நிபந்தனைகளைப் பற்றிப் பலரும் அளவுக்கு மீறிப் பயப்படுகிறார்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். ஜிடிஎஸ் மதிப்பெண்கள் மணி வடிவில் பரவாது. நலமாக உள்ளவர்கள் 0, 1, 2 என்று கீழே குவிவார்கள், வால் மேலே நீளும். குழுக்கள் சம அளவில் 30 பேரோடு இருப்பதால் இந்தச் சாய்வை அனோவா தாங்கிக்கொள்ளும். அதோடு, மணி வடிவம் வேண்டியது எச்சங்களுக்குத்தான் (ஒவ்வொருவர் மதிப்பெண்ணும் தன் குழுச் சராசரியிலிருந்து விலகும் அளவு), மொத்த மதிப்பெண்களுக்கு அல்ல. சிதறல்கள் சமமாக இல்லாவிட்டால் வெல்ச் முறைக்குப் போங்கள். எஸ்பிஎஸ்எஸ்ஸில் ஒருவழி அனோவாவின் ஆப்ஷன்ஸுக்குள் அதற்கு ஒரு கட்டம் இருக்கிறது. என்னைக் கேட்டால் சிதறல்கள் சமமா என்று பார்க்கும் லெவீன் சோதனையின் தீர்ப்புக்குக் காத்திருக்காமல் முதலிலிருந்தே வெல்ச் போடலாம், சிதறல்கள் சமமாக இருந்தாலும் இழப்பு மிகச் சிறிது. அப்போது பிந்தைய ஒப்பீட்டுக்கு டூக்கிக்குப் பதில் கேம்ஸ்-ஹோவெல் எடுங்கள். மதிப்பெண்களைத் தரவரிசையாக்கி ஒப்பிடும் கிரஸ்கல்-வாலிஸ் போட்டே ஆக வேண்டும் என்று கைடு சொன்னால் அதையும் போட்டு இரண்டும் ஒரே திசையில் நிற்கின்றன என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். சண்டை போட வேண்டிய இடம் அதுவல்ல.

5 அல்லது அதற்கு மேல் என்றால் மனச்சோர்வு, கீழே என்றால் இல்லை என்று இரண்டாகப் பிரித்து, எண்ணிக்கைகளை ஒப்பிடும் கை-வர்க்கச் சோதனை மட்டும் போடச் சொல்பவர்களும் உண்டு. அப்படிச் செய்தால் 5 வாங்கியவரும் 14 வாங்கியவரும் ஒன்றாகிவிடுகிறார்கள். சதவீதத்தையும் கொடுங்கள், வாசகருக்கு அது எளிதில் புரியும். ஆனால் ஒப்பீட்டை முழு மதிப்பெண்ணில் செய்யுங்கள்.

விளைவின் அளவையும் விடக் கூடாது. நான் போட்ட எண்களில் ஈட்டா வர்க்கம் 0.14, அதாவது மதிப்பெண்களின் மொத்தச் சிதறலில் 14% குழு வேறுபாட்டோடு போகிறது, மீதி 86% குழுக்களுக்கு உள்ளேயே இருக்கிறது. புள்ளியியலில் பரவலாகப் பின்பற்றப்படும் கோஹனின் வழக்கப்படி 0.14 பெரிய விளைவு. ஆனாலும் இல்லத்தில் இருப்பவர்களில் பலர் குடும்பத்தில் இருப்பவர்கள் பலரைவிட நன்றாக இருக்கிறார்கள் என்பதும் அதே எண்ணுக்குள் அடங்கியதுதான். அடுத்த ஆண்டு இதே ஆய்வைத் தொடரும் மாணவருக்காக ஒன்று: நடுத்தர விளைவு ஒன்றை 80% வாய்ப்போடு கண்டுபிடிக்க மூன்று குழுக்களுக்கும் சேர்த்து 159 பேர் தேவை. அதுவும் எல்லோரும் தனித்தனி ஆட்களாக இருந்தால்.

முடிவுரையில் இப்படி எழுதலாம், எண்களை உங்களுடையதாக மாற்றிக்கொள்ளுங்கள்: "மூன்று வசிப்பிடக் குழுக்களின் ஜிடிஎஸ்-15 சராசரிகள் வேறுபட்டன, எஃப் (2, 87) = 7.23, பி = 0.001, ஈட்டா வர்க்கம் 0.14. டூக்கி ஒப்பீட்டின்படி, தனியாக வசிப்பவர்களும் இல்லத்தில் வசிப்பவர்களும் குடும்பத்தோடு வசிப்பவர்களைவிட அதிக மதிப்பெண் பெற்றனர்; அவ்விரு குழுக்களுக்கு இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. குழுக்கள் குலுக்கல் முறையில் அமைக்கப்படாததாலும், இல்லத்தில் வசிப்பவர்கள் இரண்டு இல்லங்களை மட்டுமே சேர்ந்தவர்கள் என்பதாலும், இவ்வேறுபாட்டுக்கு வசிப்பிடமே காரணம் என்று கொள்ள இயலாது." இதற்கு அடுத்த பத்தியில் இருவழி அனோவாவின் முடிவும் அந்தக் கோட்டு வரைபடமும் வரட்டும்.

கடைசியாக, கோப்பை மூடுவதற்கு முன் 10-க்கு மேல் மதிப்பெண் வாங்கியவர்களின் எண்களைத் தனியே எடுத்துப் பாருங்கள். ஜிடிஎஸ் நோயைக் கண்டறியும் கருவி அல்ல, யாரை மருத்துவர் பார்க்க வேண்டும் என்று வடிகட்டித் தரும் கருவி. உங்களிடம் பட்டியல் இருக்கிறது, அவர்களிடம் போக வழியும் தெரியும். அவர்கள் சம்மதத்தோடு அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு வழிகாட்டுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, மூத்த குடிமக்கள் உதவி எண் 14567, இரண்டும் கட்டணமில்லாதவை. பேசும்போது யாராவது சாக விரும்புவதாகச் சொல்லியிருந்தால் அதற்கு ஆய்வேடு முடியும்வரை காத்திருக்கக் கூடாது, இன்றே போய்ப் பாருங்கள்.